பழைய லினக்ஸின் புது முகம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. லேப் டெக்னீஷியன் செண்பகராமன் சொன்னது.

கல்லூரிக் கணினியை இயக்கிவந்த பழைய லினக்ஸ் மென்பொருள் ஒன்று, தன்னைக் கழித்துவிடுவார்களோ என்ற பயத்தில், முகம் பளிச்சென்று தெரிய, திரைக்கு முகப்பாக வரும் புது டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றை அழைத்தது.

“உங்க பழைய நிரல் லைப்ரரி எனக்கு ஒத்துக்காது அண்ணாச்சி. அனுப்பிடுங்க” என்றது டெஸ்க்டாப், வாசலில் நின்றபடி.

“அதை நம்பிப் பிரிண்டரும் பிரவுசரும் இருக்காங்களே?”

“அவங்களும் கிளம்பட்டும்.”

பயந்தவன் பேரம் பேசுவானா? எல்லாரையும் அனுப்பியது. அதே லைப்ரரியை நம்பியிருந்த இன்ஸ்டாலரும் பையைத் தூக்கிக்கொண்டு போனது.

“இப்ப உள்ளே வா தம்பி.”

“எப்படி வர்றது? கூட்டிட்டு வர்ற ஆளையே அனுப்பிட்டீங்களே அண்ணாச்சி.”

பிறகு நானே போய்ப் பார்த்தேன். கணினியைக் கழிக்கவில்லை. டெஸ்க்டாப்பின் பின்னணிக்கென்று அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்ட ஒரு மலைப்படம் மட்டும் திரையில் நிற்கிறது. அழகாக இருக்கிறதென்று வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள்.