கொம்பியூட்டரில் அறக்குளா

“எங்களுக்கு மனிசப் பெயர் இல்லையோ?”

மீனவர் சங்கத் தலைவர் செல்லத்தம்பி ஊர் ஆஸ்பத்திரி மேசையில் ஓங்கி அடித்தார். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் தந்துவிட்டுப் போன கொம்பியூட்டர் ஒருமுறை ஆடி நின்றது.

அதன் முன்னால் இருந்தவள் தாதி கமலேஸ்வரி. திருகோணமலை டவுனில் பிறந்து வளர்ந்தவள்.

“என்ர பெயர் செல்லத்தம்பி. இதிலை என்ன அடிச்சு வைச்சிருக்கிறாய்? சூடை!”

“ஓம் ஐயா.”

“என்ர மருமகன் கதிராமனுக்கு?”

“அறக்குளா.”

பின்னால் ஒருவன் சிரித்தான். “தலைவர், மீன் பெயர் வைச்சது கோபமோ, மருமகனுக்குப் பெரிய மீனும் உங்களுக்குப் பொடிமீனும் தந்தது கோபமோ?”

“பொத்தடா வாயை! கடலுக்குப் போறவன் எண்டால் டவுன்காரருக்கு இளக்காரம். இண்டைக்கு மீன் எண்டுவினம், நாளைக்குக் கருவாடு எண்டுவினம்!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. நியாயமான கோபம்தான். காலமெல்லாம் குனிந்த சனம் நிமிர்ந்து நின்று தன் பெயரைக் கேட்டது.

கொம்பியூட்டரில் ஒருவருக்கும் வெறுப்பில்லை. யுத்தத்தால் டவுனுக்குப் போகும் பாதை பூட்டு. கடலில் ஷெல் துண்டு பட்டுக் கதிராமனின் தோள் சீழ் பிடித்தபோது, கமலேஸ்வரி படம் எடுத்து இதில்தான் அனுப்பினாள். டவுனிலிருந்த பெரிய டொக்டர் அங்கிருந்தே பார்த்து மருந்து சொன்னார். கை தப்பியது.

“கை தப்பினது பெரிய காரியம், மறுக்கேல்லை,” என்றார் செல்லத்தம்பி. “ஆனால் அது அறக்குளாவின்ர கையில்லை, கதிராமன்ர கை. பெயரைத் திருத்து!”

“ஏலாது ஐயா.”

“ஏன் ஏலாது?”

அவள் வாய் திறக்குமுன் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

துவக்குகளோடு நாலு பேர் இறங்கினார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று கேட்காதீர்கள். சுடுகுழாய்க்கு நேரே நிற்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

“காயத்துக்கு இங்க மருந்து எடுத்தவங்கட பெயர் வேணும்.”

காயப்பட்டவனெல்லாம் மற்றப் பக்கத்துக்காரன் என்பது அவர்கள் கணக்கு. போன மாதம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பெயர் பார்த்து மூன்று பேரைக் கொண்டு போனார்கள். ஒருவனும் திரும்பவில்லை.

மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்றான் கதிராமன். சட்டைக்குள்ளே தோளில் கட்டு.

கமலேஸ்வரி கதிரையை விட்டு எழும்பினாள். “பாருங்கோ.”

வந்தவன் குனிந்து வாசித்தான். “சூடை, இருமல். அறக்குளா, தோளில் காயம்... இதென்ன, ஆஸ்பத்திரியோ மீன் சந்தையோ? ஆர் இந்த அறக்குளா?”

செல்லத்தம்பிக்கு அப்போதுதான் விளங்கியது. முன்னுக்கு வந்தார்.

“அதைக் கேட்டுத்தான் நாங்களும் சண்டை பிடிக்கிறம் தம்பி! டவுன் பிள்ளை. எங்களில ஆர் ஆரெண்டு தெரியாது. வாய்க்கு வந்த மீனை அடிச்சு வைச்சிருக்கு!”

“எனக்குத் திருக்கையாம்!”

“என்ர மனிசிக்குக் கணவாயாம்! வீட்டிலை ஒரே அழுகை!”

கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது. வந்தவன் காதைப் பொத்தினான்.

“விசரி!” என்று கமலேஸ்வரியைத் திட்டிவிட்டு ஏறினான். ஜீப் போனது.

சிரிப்பு வெடித்தது. யாரோ விசிலடித்தான். கதிராமன் மட்டும் அழுதான்.

செல்லத்தம்பி மேசைக்குத் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“பிள்ளை, பெயரில்லாமல் மருந்து மாறாமல் எப்பிடிக் குடுக்கிறாய்?”

கமலேஸ்வரி தன் நெற்றியைத் தொட்டாள். “எல்லார்ர பெயரும் இதுக்குள்ளதான் ஐயா. வேணுமெண்டால் அவங்கள் என்னைத்தான் கொண்டு போகவேணும்.”

“அதுக்கு ஒரு ஜீப் காணாது மகள்,” என்றார் செல்லத்தம்பி. “ஊரையே ஏத்தவேணும்.”