மூன்றாவது அழைப்பு

சிதை பற்றிக்கொண்டுவிட்டது. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"கூப்பிடும்மா," என்றான் கிழட்டுப் படைவீரன். "தீ அணையறதுக்குள்ள மூணு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடணும். இல்லேன்னா பய வீடு போய்ச் சேரமாட்டான்."

தாயோ தமக்கையோ கூப்பிட வேண்டும். அவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவனுக்குச் சமைத்துப் போட்ட அடிமைப் பெண்ணே போதும் என்று படை முடிவு செய்திருந்தது.

சிதையில் கிடந்தவன் பிலோன்.

அவள் தம்பி தெமோனைக் கொன்றவன். கோட்டை விழுந்த அன்று, வாசலில், அவள் கண்முன்னால்.

தெமோனுக்குச் சிதை இல்லை. கூப்பிடவும் விடவில்லை.

பெண் கூப்பிடும்போது ஆண்கள் கேடயங்களைத் தட்டுவார்கள். அந்த இரைச்சலில் என்ன பெயர் என்று யார் காதிலும் விழாது. இதற்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள்.

இவன் நெருப்பில் என் தம்பி போகட்டும். இவன் இங்கேயே கிடந்து அலையட்டும்.

கேடயங்கள் அதிர்ந்தன.

"தெமோன்!"

இன்னும் உரக்கக் கத்தினாள்.

"தெமோன்!"

மூன்றாவதற்கு மூச்சை இழுத்தாள். காற்று புகையை விலக்கியது. முகம் தெரிந்தது.

மீசை சரியாக முளைக்காத முகம். போன மாதம் காய்ச்சலில் மூன்று நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று பிதற்றினான். உதறியிருக்கலாம். அவள் உதறவில்லை.

"பிலோன்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது.

கேடயங்கள் ஓய்ந்தன. கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பெத்தவகூட இப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டா."

தம்பிக்கு ஒன்று குறைந்தது. இவனுக்கு இரண்டு. பாவி, இரண்டு பேரையுமே நடுவழியில் நிறுத்திவிட்டாள்.

தீ தணிந்ததும் எல்லோரும் கப்பல்களுக்குத் திரும்பினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்து சாம்பலைக் கிளறினாள்.

அடியில் ஒரே ஒரு கங்கு. ஊதினாள். சிவந்தது.

"தெமோன்," என்றாள். மெதுவாகத்தான். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதைப் போல.

அவன் போய்விட்டான். இனி அழலாம். அழுதாள்.

கங்கு கறுக்கத் தொடங்கியது. போட்டு எரிக்கச் சுற்றிலும் ஒரு சுள்ளி இல்லை. வெறும் மணல்.

எழுந்தாள். நாலு அடி நடந்தாள். திரும்பி வந்தாள். பிலோனுக்கு இன்னும் இரண்டு பாக்கி.

கொண்டையிலிருந்து மரச்சீப்பை உருவினாள். தெமோன் செதுக்கித் தந்தது. அவனுடையது என்று அவளிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

கங்கின் மேல் வைத்து ஊதினாள்.