முப்பத்தொரு டிகிரி

நான்கு மணிக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். மூன்றே முக்காலுக்குப் பரிமளா அந்தப் பாழாய்ப்போன விண்மீன் திரளைத் திரும்பவும் திரையில் திறந்தாள். திரள்களின் ஓரத்து விண்மீன்கள் ஏன் இத்தனை வேகமாகச் சுற்றுகின்றன என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்பார்கள் மற்றவர்கள். அப்படி ஒன்று இல்லை, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று பத்தொன்பது வருடமாக அவர்களோடு சண்டை போட்டு வருகிறாள் இவள். நூற்று ஐம்பத்திரண்டு திரள்கள் அவள் விதிக்குப் பணிந்துவிட்டன. இது ஒன்றுதான் மெதுவாகச் சுற்றி மானத்தை வாங்கியது. படத்தை வைத்து அளந்தால், நம் பார்வைக்கு இதன் தட்டு சாய்ந்திருக்கும் கோணம் முப்பத்தெட்டு டிகிரி. சாய்வைக் குறைத்தால் கணக்கில் வேகம் கூடும். முப்பத்தொன்று என்று போட்டாள். வரைபடத்தில் வேகத்தைக் காட்டும் புள்ளிகள் எல்லாம் அவள் விதி சொல்லும் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன.

“பொருந்திடுச்சா மேடம்?” என்று எழுந்து வந்தார் எதிர் மேசை அருமைநாயகம். அவர் கரும்பொருள் கட்சி. திரையைப் பார்த்தார். “ஏழு டிகிரிதானே, விடுங்க. நாங்க கண்ணுல படாதத அஞ்சு மடங்கு சேத்துக்கறோம். எங்கள யாரு கேட்டா?”

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது. முப்பத்தெட்டு என்று மாற்றினாள், புள்ளிகள் சரிந்தன. முப்பத்தொன்று, ஏறி உட்கார்ந்தன. முப்பத்தெட்டு. முப்பத்தொன்று.

“கழுத்து வலிக்கலையா உங்களுக்கு?” என்றார் அவர்.

இவ்வளவு நேரமும் தன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மணி மூன்று ஐம்பத்தொன்பது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். அறை முழுக்கச் சாய்ந்து தெரிந்தது.