வெள்ளச் சங்கு

"கேக்குதுங்கிறேன். இன்னும் கொஞ்சம் கரகரப்பு இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஃபோனை வைத்தார்.

அவர் கீழே, ஆற்றோரத்தில் தன் லேத் பட்டறையில் இருந்தார். நானும் மகளும் மேட்டுத் தெருவில், ஊர் அருங்காட்சியகத்தில் இருந்தோம்.

அன்று அங்கே குடும்ப நாள். பழைய படகு, பழைய தராசு என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் கூட்டம் நின்றது ஒரே ஒரு பொருளுக்கு முன்னால்தான்.

கைப்பிடியைச் சுற்றினால் ஊதும் அபாயச் சங்கு.

ஒரு காலத்தில் வெள்ளம் வந்தால் கரைக் காவலர் இதைச் சுற்றித்தான் ஊரை எழுப்புவாராம். அணையில் மின்சாரச் சங்கு வைத்தபிறகு இதை மூலையில் போட்டுவிட்டார்கள். அந்த மின்சாரச் சங்கும் ஊதிப் பல வருடமாகியிருந்தது.

துருப்பிடித்துக் கிடந்ததைக் கழற்றி, புதிதாகப் பல்சக்கரம் கடைந்து போட்டு, மறுபடி ஊதவைத்தவர் என் கணவர். அதற்குக் கூலியாக அவர் எதிர்பார்த்தது ஒன்றுதான். சத்தம் ஆற்றங்கரை வரைக்கும் எட்ட வேண்டும். எட்டுகிறதா என்று கேட்கத்தான் எங்களோடு வராமல் பட்டறையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஊரே வந்து பாக்குது, செஞ்சவரைக் காணோமே?" என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் அம்மா.

"அவருக்குப் பாக்க வேண்டாமாம். கேட்டாப் போதுமாம்" என்றேன். சிரித்தார்.

முந்தின நாளே ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருந்தது. நாளை பகல் முழுக்கச் சங்குச் சத்தம் கேட்கும், அது அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் சுற்றுவது, யாரும் பயப்பட வேண்டாம்.

யாரும் பயப்படவில்லை.

சுவரில் பழைய வெள்ளத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. கூரை மேல் ஆட்கள். அவர்களில் ஒருவர் குடை பிடித்திருந்தார். "தண்ணி நடுவுல உக்காந்துகிட்டு எதுக்கும்மா குடை?" என்று கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வரிசை நகர்வதாக இல்லை. கனத்த உடம்புக்காரர் ஒருவர், மகனுக்குக் காட்டித்தருகிறேன் என்று பிடித்த கைப்பிடியை விடவே இல்லை.

"அண்ணே, அதுக்குள்ள பையனுக்குக் கல்யாண வயசு வந்துடும். விடுங்கண்ணே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூடமே சிரித்தது.

ஒவ்வொருவரும் சுற்றி முடித்ததும் கணவர் கூப்பிட்டு ஏதாவது குறை சொல்லிக்கொண்டிருந்ததால், ஃபோன் மகள் கையிலேயே இருந்தது. நீ சுற்றினால் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவேன் என்று காலையில் அவளைச் சீண்டியிருந்தார்.

நான் பின்பக்க ஜன்னலுக்குப் போனேன்.

எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். தூரத்து மலைப் பக்கம் சில நாட்களாகவே வானம் வெளுக்கவில்லை. கீழே ஆறு மண் நிறமாக இருந்தது. துணி துவைக்கும் கல்லைக் காணவில்லை. பட்டறையின் தகரக் கூரை மட்டும் பளபளவென்று தெரிந்தது.

"சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்" என்று பொறுப்பாளர் அம்மா வரிசையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குப் பழரசம் கொடுக்கத் தொடங்கினார். அடுத்தது என் மகள்தான்.

அப்போது சங்கு ஊதியது.

நீளமாக, சுத்தமாக, கரகரப்பே இல்லாமல்.

எல்லோரும் திரும்பிக் கைப்பிடியைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

சத்தம் அணைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. மகள் எடுத்து, எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, நீதானே?" என்றார். கூடத்தின் மறுகோடியில் இருந்த எனக்கே அவர் குரலில் இருந்த சந்தோஷம் கேட்டது. "என்ன கைடி உனக்கு! இரு, உன் சத்தத்தை நீயே கேளு."

ஓடிப்போய் ஃபோனைப் பிடுங்கினேன். "ஏங்க, இது நாங்க இல்லைங்க. அணைச் சங்கு. மேல ஓடி வாங்க!"

அது அவர் காதில் விழவில்லை. மகளுக்குக் கேட்கட்டும் என்று ஃபோனைப் பட்டறை வாசலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார்.

ஃபோனில் சங்கு கேட்டது. சங்குக்கு அடியில் வேறொரு சத்தம், பாறைகள் உருண்டு வருவதுபோல. நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஃபோனில் எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையும் இல்லை.

அன்று ஆற்றங்கரை வீடுகளில் எல்லோருக்கும் சங்கு கேட்டிருக்கிறது. தப்பி வந்த சிலர் பிறகு சொன்னார்கள். கேட்டுவிட்டு, பிள்ளைகள்தான் என்று அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

மகள் வளர்ந்துவிட்டாள். வேறு ஊரில் வேலை. அந்த நாளில் அவளுக்கு ஞாபகம் இருப்பது பழரசமும், அந்த மனிதர் கைப்பிடியை விடாததும்தான். அப்பா கூப்பிட்டதே நினைவில் இல்லை என்கிறாள்.

நீதானே என்று அவர் கேட்டதும், அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஆமாப்பா, நான்தான்."

இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

"அன்னைக்கு என் முறை வரவே இல்லல்லம்மா?" என்று இப்போதும் எப்போதாவது கேட்பாள்.

வரவில்லை.