மருதனார்மடத்து மட்டம்

மூன்றாம் தரமும் கணக்கு ஒத்துப்போகவில்லை. சந்தைக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டுமுன் நிலத்தின் உயரங்களை அளந்துகொண்டிருந்தோம். ஒரு கல்லில் தொடங்கிச் சுற்றிவந்து அதே கல்லில் முடித்தால், முதலில் வந்த உயரமே திரும்பவும் வர வேண்டும். பின்னேரத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நாலாம் தரம். கடைசி அளவுக்காகக் கந்தவனம் அளவுகோலைக் கல்லின்மேல் வைத்தார்.

“நேராய்ப் பிடியும்!”

“நேராய்த்தான் ஐயா பிடிக்கிறன். விடியக்காலமை தொட்டுப் பிடிச்சு நானே கோலாய்ப் போனன்.”

மட்டக்கருவியின் குழாய்க்குள் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். பனைகள் தொங்கும். கந்தவனம் தலையில் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் மட்டும் நேராக நின்றாள். என் மனைவி பராசத்தி. ஆனி மாதம் அவளுடைய சாம்பலைக் கீரிமலைக் கடலில் நான்தான் கரைத்தேன்.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். கந்தவனம் மட்டும் நின்றார். மறுபடி குழாய்க்குள் பார்த்தேன். அவள் ஒரு கையால் கோலைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“கையை எடும்!” என்று கத்தினேன்.

“எடுத்திட்டன் ஐயா,” என்றார் கந்தவனம்.

கோல் விழவில்லை. அதைப் பார்த்தபடியே அவர் பின்வாங்கினார். தெருவுக்கு ஏறியதும் ஓடினார். நான் அளவைப் பதிந்தேன். கணக்கு ஒத்துப்போனது.

பின்னேரம் எஞ்சினியர் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சரி, சாமான்களைக் கட்டும்.”

“ஓம்,” என்றேன். மட்டக்கருவியைக் கழற்றக் கை வரவில்லை. கல்லின்மேல் கோல் நின்றுகொண்டிருந்தது.