அரைக்கைச் சட்டை

தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. திருநின்றவூர் வீட்டில் கன்னியம்மாவின் கழுத்து வேர்வை அடங்கமாட்டேன் என்கிறது. கையிலுள்ள போனில் மகள் பானுப்பிரியா ஏலகிரி மலையைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஐப்பசி வெயில் மஞ்சளாய்ச் சரிவில் கிடக்கிறது. காற்றில் புல்லெல்லாம் ஒரே பக்கமாய்ப் படுத்து எழுகிறது. மருமகன் ஜெகதீசன் அரைக்கைச் சட்டையோடு நின்று டீ குடிக்கிறான். சட்டை முதுகில் பலூனாய் உப்புகிறது. "இன்னாடி, மாப்ள ஸ்வெட்டர் போடலியா?" "இன்னாத்துக்கும்மா? குளிரே இல்ல, காத்து மட்டும்தான். சொகமா கீது." கன்னியம்மா அந்த அரைக்கையையே பார்க்கிறாள். போன வருஷம் இதே ஐப்பசியில், ஒரு தபா மலையைப் பாத்துட்டு வந்துடலாமே என்று புருஷன் அப்பாவு கெஞ்சினார். "குளிரு உனுக்கு ஒத்துக்காது, வீசிங் வந்துடும், சும்மா கெட" என்று அதட்டி உட்காரவைத்தவள் இவள்தான். மலையேறாமலேயே தை மாசம் வீசிங் வந்து, எதிரிலிருக்கும் இந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். "அம்மா, தெரியுதா? இன்னா சத்தமே காணோம்?" கன்னியம்மா போனின் முகத்தைக் கட்டில் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாள். காலிக் கட்டிலைப் பார்த்து மலைக்காற்று இரைந்துகொண்டே இருக்கிறது.