கடல் வந்த தூரம்

துறைமுகத்தில் வேலை பார்க்கும் எழிலரசியின் மின்சாரக் காருக்குள், பிஸ்கட் தூளைத் தின்றுகொண்டு ஓர் எறும்பு ஒரு மாதமாகக் குடியிருந்தது. ஒரு சாயங்காலம் கார் வீடு திரும்பியதும், எட்டிப் பார்த்த எறும்பிடம் சுவர்ப்பல்லி கேட்டது:

"தினம் போக நூறு, வர நூறு கிலோமீட்டர். அலுக்கலையாடா உனக்கு?"

"நானா? வண்டி உறுமவும் இல்லை, குலுங்கவும் இல்லை. காலையிலே இந்தச் சுவர், சாயங்காலமும் இதே சுவர். நான் எங்கே போனேன்?"

"கடற்கரைக்குப் போயிட்டு வர்றேடா. நம்பலேன்னா, அவ செருப்பிலேர்ந்து உதிர்ந்த மணலை நக்கிப் பாரு."

எறும்பு நக்கிப் பார்த்தது. உப்புக் கரித்தது. அதன் மீசை இரண்டும் சிலிர்த்து நின்றன.

"அடேயப்பா! அவ்வளவு பெரிய கடல், என்னைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்துட்டுப் போயிருக்கு!"